ஸ்டென்டா, பைபாஸா? அடைபட்ட வயிற்றுக்கு வழி தேடிய 140 வருடக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த "வந்து", "அதாவது" எல்லாவற்றையும் குறைத்து, வாசிக்க ஏற்றபடி கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இந்த வாரம் ராஜா, கோட்டை, போர் எதுவும் கிடையாது. இன்றைக்கு ஒரு குழாயின் வரலாறு. உங்க வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்திருந்தால், இந்த எபிசோடைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க. இப்போது வேண்டாம் என்று தோன்றினால் மூடி வைத்துவிட்டு அப்புறம் வாங்க, தப்பே இல்லை.

"ஸ்டென்ட்" என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஹார்ட், ஆஞ்சியோ, "ரெண்டு பிளாக் இருக்காம்". மூணு வருஷத்துக்கு முன்னாடி வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும். வயிற்றிலும் ஸ்டென்ட் வைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது பெரியப்பா மூலமாக.

பெரியப்பா விருதுநகர்க்காரர். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் ஸ்டாண்டில் எந்தக் கடையில் எது நல்லா இருக்கும் என்று அவரிடம்தான் கேட்கணும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு கட்டத்தில் எது சாப்பிட்டாலும் கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். கடைசியில் தண்ணீர்கூட நிற்கவில்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பார்த்தபோது, இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புற்றுநோய்க் கட்டி, ஏற்கெனவே கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். குணப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது.

டாக்டர் பெரியம்மா, அண்ணன், அப்பா, நான் என நாலு பேரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளில் படம் வரைந்தார். "கட்டியை எடுக்க முடியாது. ஆனா சாப்பாடு போக வழி பண்ணலாம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வாய் வழியா கேமரா விட்டு அடைப்புக்குள்ள ஸ்டென்ட் வைக்கிறது. இன்னொண்ணு, ஆபரேஷன் பண்ணி அடைப்பைச் சுத்திப் புதுப்பாதை போடறது." அதில் எது என்பது எதைப் பொறுத்தது என்று அப்பா கேட்டார். டாக்டர் ஒரு நொடி நிறுத்திட்டு, "அவருக்கு எவ்வளவு நாள் இருக்கும்ங்கறதைப் பொறுத்தது" என்றார்.

அந்த அறையில் பெரியப்பா இல்லை. அவரிடம் "அல்சர்" என்று சொல்லியிருந்தோம்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குள்ளேயே இருந்தது. எதற்காக ஒரு இன்ஜினியரிங் முடிவு, "எவ்வளவு நாள்" என்ற ஒரு நம்பரைச் சார்ந்து இருக்கணும்? அதைத் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

வியன்னா, 1881

இரண்டு வழிகளில் பழையது ஆபரேஷன். அதன் கதை ஒரே வருஷத்தில், ஒரே குழுவில் ஆரம்பிக்கிறது.

1881 ஜனவரி 29, வியன்னா. தியோடர் பில்ரோத் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், இரைப்பையின் வாய்ப்பகுதியில் புற்றுநோய் வந்த தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரைப்பையைச் சிறுகுடலோடு தைத்தார். பெரியப்பாவுக்குக் கட்டி இருந்த அதே இடம். அவருக்கு முன்னால் முயன்றவர்களின் நோயாளிகள் பிழைக்கவில்லை. தெரேசா பிழைத்தார், சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரு பெரிய வெற்றியாக எழுதும். சுமார் நாலு மாதத்தில் புற்றுநோய் திரும்பி வந்து அவர் இறந்துபோனார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும்.

அதே வருஷம் செப்டம்பரில் பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வோல்ஃப்லர் இன்னொரு நோயாளியின் வயிற்றைத் திறக்கிறார். கட்டி பின்னால் கணையத்தோடு ஒட்டியிருக்கிறது, எடுக்க வழியில்லை. வழக்கமாக அப்படியே மூடிவிட வேண்டியதுதான். அப்போது அங்கே இருந்த நிக்கோலடோனி என்ற சக மருத்துவர் ஒரு யோசனை சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கட்டி இருக்கட்டும், சிறுகுடலில் ஒரு வளையத்தை மேலே இழுத்து நேராக இரைப்பையோடு இணைத்துவிட்டால் என்ன? வோல்ஃப்லர் அதைச் செய்தார்.

என்னைப் பொறுத்தவரை பில்ரோத் செய்ததைவிட இதுதான் பெரிய திருப்பம். பில்ரோத்தின் கேள்வி, "நோயை எப்படி வெளியேற்றுவது?" அன்றைக்கு வோல்ஃப்லர் முன்னால் இருந்த கேள்வி, "நோய் அங்கேயே இருக்கட்டும், இந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுவார்?" நம்ம வேலையில் சொல்வதென்றால், பக்கைச் சரிசெய்ய முடியாதபோது ஒரு ஒர்க்-அரவுண்ட். இளக்காரமாகச் சொல்லவில்லை. ஒரு சிஸ்டத்தை ஓட வைப்பது பெரும்பாலும் ஒர்க்-அரவுண்ட்தான்.

பைபாஸ் என்றால் என்ன என்று பெரியப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை. ஊருக்குள்ளே நெரிசல் என்றால் ஊரைச் சுற்றி ரோடு போடுவது. "பைபாஸ் ரைடர்" என்று போர்டு போட்ட பஸ்ஸை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவர். அந்தக் கணக்கில் ஸ்டென்ட் என்பது ஊருக்குள் இருக்கும் அதே ரோட்டை அகலப்படுத்துவது. உடனே வேலை முடியும், ஆனால் ஆக்கிரமிப்பு மறுபடி வளரும். பைபாஸ் போட நாள் ஆகும், செலவும் வலியும் அதிகம், ஆனால் நெரிசல் அந்தப் பக்கமே வராது. இந்த உதாரணத்தை மனசில் வைச்சுக்கோங்க.

மீசையில் கட்டிய நூல்

ஆபரேஷன் தாங்க முடியாதவர்களுக்கு? அந்தக் கதை கொஞ்சம் மேலே, உணவுக்குழாயில் தொடங்குகிறது. அங்கே புற்றுநோய் வந்தால் எச்சில்கூட இறங்காது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் என்ற மருத்துவர் 1880களில் ஒரு சின்னக் குழாயைக் கட்டி இருக்கும் இடத்தில் பொருத்தினார். பாக்ஸ்வுட் மரத்திலும் தந்தத்திலும் செய்த குழாய். அது நழுவி வயிற்றுக்குள் போய்விடக் கூடாது, இல்லையா? அதற்காக ஒரு பட்டு நூலைக் குழாயில் கட்டி, அதன் மறுமுனையை வாய் வழியாக வெளியே எடுத்து, நோயாளியின் காதிலோ மீசையிலோ கட்டிவைத்தார்கள். சிரிப்பு வருது, எனக்கும் வந்தது. ஆனால் அப்படி மீசையில் நூலோடு உட்கார்ந்திருந்த மனுஷன் ஒரு வாய் சூப் குடித்திருப்பார். அதை நினைச்சா சிரிப்பு நின்னுடும்.

அடுத்து 1920களில் ஹென்றி சூட்டர். லண்டன்காரர், மருத்துவத்துக்கு முன்னால் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், கைவேலைக்காரர். 1925-இல் இதயத்துக்குள் விரலை விட்டு வால்வை விரித்து அறுவை சிகிச்சை வரலாற்றில் இடம் பிடித்தவரும் இதே ஆள்தான். அவர் ஜெர்மன் சில்வர் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுற்றி ஒரு குழாய் செய்தார். வளையும், ஆனால் நசுங்காது. இன்றைய ஸ்டென்ட்டின் தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1956-இல் பிரான்சில் மூசோ-பார்பன் குழாய், 1959-இல் இங்கிலாந்தில் செலெஸ்டின் குழாய். இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்க. வயிற்றைத் திறந்து, கீழேயிருந்து குழாயை இழுத்துப் பொருத்தணும். ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் குழாய், ஆனால் குழாயை வைக்கவே ஆபரேஷன்! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண் இல்லாததுதான் பிரச்சினை.

வளைந்து போகும் வெளிச்சம்

கண்ணுக்கான முயற்சியும் பழசுதான். 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை வைத்துத்தான் நேரான உலோகக் குழாயை இரைப்பை வரை இறக்கிக் காட்டினார். வாள் விழுங்கத் தெரியாத நமக்கு அது உதவாது. உடம்பு வளைந்தது, வெளிச்சமோ நேராகப் போவது.

இந்த முடிச்சை அவிழ்த்த கதையில் நம்ம நாட்டு ஆள் ஒருவர் இருக்கிறார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, வளைந்த பாதை வழியாகப் படத்தை அனுப்பலாம் என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இன்றைக்கு உங்க வீட்டு ஃபைபர் இன்டர்நெட்டுக்கும் அது ஒரு மூதாதை.

அந்தக் கட்டுரையைப் பார்த்து உற்சாகமானவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரைப்பை மருத்துவர். அவரோடு வில்பர் பீட்டர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரும், லாரி கர்ட்டிஸ் என்ற இளங்கலை மாணவரும் சேர்ந்தார்கள். இழைகள் ஒன்றோடொன்று உரசும்போது வெளிச்சம் பக்கத்து இழைக்குக் கசிந்துவிடுகிறது. கர்ட்டிஸ் என்ன செய்தார்? ஒரு கண்ணாடிக் கம்பியை வேறு வகைக் கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டையும் சேர்த்து உருக்கி இழையாக இழுத்தார். ஒவ்வொரு இழைக்கும் ஒரு கண்ணாடிச் சட்டை. கசிவு நின்றது. 1956 டிசம்பரில் இது நடக்கும்போது அவர் இன்னும் காலேஜ் பையன்.

1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே இறக்கிப் பார்த்தார். சில நாள் கழித்து ஒரு நோயாளிக்கு. வயிற்றுக்குள்ளே பார்க்க இனி கத்தி தேவையில்லை.

கண் வந்துவிட்டது. அப்போதும் பிளாஸ்டிக் குழாயை மேலேயிருந்து அடைப்புக்குள் தள்ள வேண்டியிருந்தது. குழாய் எவ்வளவு தடிமனோ, அந்த அளவுக்கு முதலில் அடைப்பை விரிக்கணும். விரிக்கும்போது உணவுக்குழாய் கிழியலாம், கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. மெல்லிசாக உள்ளே போய், உள்ளே போன பிறகு பெரிசாக வேண்டும். அப்படி ஒரு பொருள் எங்கே இருக்கு?

ஒரு பைப் லைட்டர்

அமெரிக்கக் கடற்படையிடம் இருந்தது. அவர்களுக்கு அது எதற்கு உதவும் என்று தெரியாது, அவ்வளவுதான்.

மேரிலாந்தில் இருந்த கடற்படை ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் ப்யூலர் என்ற உலோகவியலாளர், ஏவுகணையின் மூக்குப் பகுதி வெப்பத்தைத் தாங்க ஒரு உலோகம் தேடிக்கொண்டிருந்தார். 1959 வாக்கில் நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை அவர் கவனத்தை இழுத்தது. நிக்கல், டைட்டானியம், ஆய்வகத்தின் பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் சேர்த்து நிட்டினால் என்று பெயர் வைத்தார்.

1960களின் தொடக்கத்தில் ஒரு மேலதிகாரிகள் கூட்டம். எத்தனை முறை வளைத்தாலும் உடையாது என்று காட்ட, ஒரு நிட்டினால் பட்டையை விசிறி மடிப்பு மாதிரி மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அது கை மாறிக்கொண்டே போனது. டேவிட் மஸி என்ற அதிகாரி புகைக்குழாய் பிடிப்பவர். சும்மா இருக்க முடியாமல் தன் லைட்டரைப் பற்றவைத்து அந்தப் பட்டையில் காட்டினார். மடிப்பெல்லாம் விரிந்து பட்டை நீண்டுவிட்டது! தன் பழைய வடிவம் அதற்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

நிட்டினாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. உடல் சூட்டில் அதை எவ்வளவு அமுக்கினாலும், விட்டதும் ரப்பர் மாதிரி திரும்பிவிடும். ஆக, கம்பி வலையாகப் பின்னிய ஒரு குழாயைப் பென்சில் தடிமனுக்கு அமுக்கி, ஒரு உறைக்குள் அடைத்து, அடைப்பு வழியாக நுழைத்து, உறையை மட்டும் பின்னால் இழுத்தால்? குழாய் தானாக விரிந்து கட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஒன்றிரண்டு நாளில் முழுசாக விரியும்.

நடுவில் "ஸ்டென்ட்" என்ற பெயர் பற்றி. அது ஒரு பல் மருத்துவரின் பெயர். லண்டனில் சார்ல்ஸ் ஸ்டென்ட் என்பவர் 1850களில் பல் அச்சு எடுக்க ஒரு கலவை கண்டுபிடித்தார். முதல் உலகப்போரில் யோஹன்னஸ் எஸ்ஸர் என்ற டச்சு அறுவை சிகிச்சை நிபுணர், சிதைந்த முகங்களுக்குத் தோல் ஒட்டும்போது தாங்கிப் பிடிக்க அந்தக் கலவையைப் பயன்படுத்தினார். "தாங்கிப் பிடிப்பது" என்ற பொருள் அப்படித்தான் அந்தப் பெயருக்கு ஒட்டிக்கொண்டது.

1993: கணக்கு மாறியது

1983-இல் ஜெர்மனியில் ஃப்ரிம்பெர்கர் விரியும் உலோகச் சுருளை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வைத்ததைப் பற்றி எழுதினார். 1990 வாக்கில் வலை ஸ்டென்ட் வந்தது. 1993-இல் க்னைரிம் குழு 42 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய பிளாஸ்டிக் குழாய், பாதிப் பேருக்கு விரியும் உலோக ஸ்டென்ட் வைத்து ஒப்பிட்டது. விழுங்குவது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சரியானது. ஆனால் சிக்கல்கள் உலோகத்தில் மிகக் குறைவு, மருத்துவமனையில் படுக்கும் நாளும் குறைவு. பிளாஸ்டிக் குழாயின் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

ஆனால் இன்ஜினியர்களுக்குத் தெரியும், எதுவும் இலவசம் இல்லை. வலையில் ஓட்டை இருக்கிறதே, அது வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து மறுபடி அடைத்தது. சரி என்று வலையின் மேல் ஒரு உறை போட்டார்கள். தென்கொரியாவின் சாங் ஹோ-யங் 1990களின் ஆரம்பத்திலேயே சிலிக்கோன் உறை போட்ட ஸ்டென்ட்களைச் செய்துகாட்டினார். கட்டி உள்ளே வருவது குறைந்தது. இப்போது ஸ்டென்ட் நழுவ ஆரம்பித்தது! ஓட்டை வழியாகச் சதை பிடித்துக்கொண்டதால்தான் அது நகராமல் இருந்திருக்கிறது. ஓட்டை வைத்தால் அடைக்கும், மூடினால் நழுவும். இன்றைக்குக் கடையில் இருக்கும் எல்லா டிசைனும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பவைதான். சைமண்ட்ஸின் பட்டு நூல் நினைவுக்கு வருதா? அதே நழுவல் பிரச்சினை, நூறு வருஷம் கழித்து.

பெருங்குடலில் ஒரு சறுக்கல்

வெற்றி பெற்ற தொழில்நுட்பம் பக்கத்து வீட்டுக்கும் போகும். 1990களில் ஸ்டென்ட் பெருங்குடலுக்குப் போனது. அங்கே அடைப்பு வந்தால் வயிறு பானை மாதிரி உப்பி, அவசர ஆபரேஷன், பெரும்பாலும் வயிற்றின் மேல் மலம் போகும் ஒரு வாயும் பையும். அதற்குப் பதில் முதலில் ஸ்டென்ட் வைத்து அடைப்பை இறக்கி, ஆள் கொஞ்சம் தேறிய பிறகு நிதானமாக ஆபரேஷன் செய்யலாமே? காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான யோசனை.

நெதர்லாந்தில் இதைச் சோதித்தார்கள். ஆபரேஷனே வேண்டாம், ஸ்டென்ட்டே போதும் என்று பரவிய புற்றுநோய்க்காரர்களிடம் நடந்த முதல் ஆய்வைக் குடலில் ஓட்டை விழுந்த சம்பவங்களால் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்து, ஸ்டென்ட் வைத்துப் பிறகு ஆபரேஷன் என்ற முறையை 98 பேரிடம் சோதித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதையும் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. எதிர்பார்த்த நன்மை தெரியவில்லை. 2014-இல் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம், இதை வழக்கமான முறையாகச் செய்யாதீர்கள் என்றது. பிறகு மேலும் ஆய்வுகள் வந்தன. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பை தேவைப்பட்டது குறைந்தது, புற்றுநோய் திரும்புவதும் கூடவில்லை. 2020-இல் அதே சங்கம், நோயாளியோடு பேசி முடிவெடுக்க வேண்டிய ஒரு வழியாக இதை வைக்கலாம் என்று மாற்றிக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் நிறுத்தியதுதான். "புதுசு, கத்தி இல்லை, அதனால் நல்லது" என்று விட்டுவிடவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், தப்பு என்று தெரிந்ததும் கையை எடுத்தார்கள், மறுபடி எண்ணினார்கள். "நோயாளியோடு பேசி" என்ற சொல்லையும் மறக்காதீங்க.

எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் விடையும் இல்லை. கருப்பைப்பக்கச் சினைப்பைப் புற்றுநோயில், வயிறு முழுக்கப் பரவி குடலில் பல இடத்தில் அடைக்கும்போது, எத்தனை இடத்தில் வைப்பீங்க? அங்கே உதவுவது வேறொரு சின்ன வேலை. 1979-இல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள், விழுங்க முடியாத குழந்தைகளுக்கு உணவு கொடுக்க, எண்டோஸ்கோப் உதவியோடு வயிற்றுச் சுவர் வழியாக ஒரு குழாய் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதே குழாயைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். உள்ளே தேங்கும் நீரை வெளியே எடுக்க. வாந்தி நிற்கும், மூக்கில் குழாய் வேண்டாம், நாக்குக்கு ருசிக்க ஒரு வாய் காபி குடிக்கலாம். அது குழாய் வழியாக வெளியே வந்துவிடும், அதனால் என்ன, ருசி ருசிதானே.

அந்த நம்பர்

இப்போது பெரியப்பா இருந்த இடத்துக்கு வருவோம். இரைப்பை வாய் அடைப்பு. ஸ்டென்டா, பைபாஸா?

2010-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வு இதையே நேராகக் கேட்டது. 39 நோயாளிகள், சின்ன ஆய்வுதான். ஸ்டென்ட் வைத்தவர்கள் சீக்கிரம் சாப்பிட ஆரம்பித்தார்கள். பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்கள் தாமதமாக ஆரம்பித்தாலும் நீண்ட நாள் நன்றாகச் சாப்பிட்டார்கள், மறுபடி அடைப்பு வருவது குறைவு. ஆய்வாளர்கள் சொன்ன எல்லைக்கோடு இரண்டு மாதம். அதற்கு மேல் வாழ்வார் என்று தோன்றினால் ஆபரேஷன், இல்லையென்றால் ஸ்டென்ட்.

உணவுக்குழாயிலும் இதே வடிவம்தான். 2004-இல் 209 பேரிடம் நடந்த ஆய்வில் ஸ்டென்ட் சீக்கிரம் நிவாரணம் தந்தது, உள்ளேயே கதிர்வீச்சு கொடுக்கும் முறை மெதுவாக வேலை செய்தாலும் நாள் போகப்போக மேலாக இருந்தது.

பார்த்தீங்களா? டாக்டர் அன்றைக்கு ஏன் ஒரு நொடி நிறுத்தினார் என்று இதையெல்லாம் படித்த பிறகுதான் புரிந்தது. ஸ்டென்ட் இன்றைக்குச் சோறு போடும். பைபாஸ் அடுத்த மாதமும் போடும். எது நல்லது என்பது எத்தனை மாதம் என்பதில் இருக்கிறது, அந்த மாதங்களை ஒருவர் எப்படிச் செலவழிக்க விரும்புகிறார் என்பதிலும் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் நோயாளி.

இன்றைக்கு மூன்றாவது வழியும் வந்திருக்கிறது. எண்டோஸ்கோப் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்து, இரைப்பையின் சுவர் வழியாகப் பக்கத்தில் இருக்கும் சிறுகுடலைப் பார்த்து, இரண்டையும் டம்பெல் வடிவில் இருக்கும் ஒரு குட்டி ஸ்டென்ட்டால் கோர்த்துவிடுவது. வோல்ஃப்லர் 1881-இல் வயிற்றைத் திறந்து செய்த அதே பைபாஸ், கத்தி இல்லாமல். 2024-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆறு மாதத்துக்குள் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் இந்த முறையில் 4 சதவீதம், சாதாரண ஸ்டென்ட்டில் 29 சதவீதம். இதற்குப் பழகிய கைகளும் கருவியும் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது.

பெரியப்பா

நாங்க ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். "இந்த வயசுல வயித்தைக் கிழிக்க வேண்டாம்" என்றார் பெரியம்மா. பெரியப்பாவும் ரொம்ப இளைத்திருந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. மறுநாள் இளநீர், அடுத்து கஞ்சி, அப்புறம் ரசத்தில் கரைத்த இட்லி. வாந்தி நின்றது. வார்டில் இருந்தே ஊருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் "இட்லி சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் அதற்காக இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் பரோட்டா கேட்டார். நாருள்ள கீரை, முருங்கைக்காய்ச் சக்கை, பெரிய கறித்துண்டு, பரோட்டா எதுவும் கூடாது, ஸ்டென்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்று டயட்டீஷியன் சொல்லியிருந்தார். சால்னாவை மட்டும் வடிகட்டிக் கொடுத்தோம். குடித்துவிட்டு, "உப்பு பத்தலை" என்றார்.

பெரியப்பா ஐந்து மாதம் இருந்தார். மூன்றாவது மாதம் கட்டி ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்து மறுபடி அடைத்தது. அதற்குள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த முறை இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். கேஸ் ஷீட் கட்டில் மேலேயே இருந்திருக்கிறது, அவர் எடுத்துப் படித்துவிட்டார். முப்பது வருஷம் டிக்கெட் சார்ட் எழுதிய மனுஷன், எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு யார் சொல்லித் தரணும்?

"ஏன்டா தம்பி, அன்னைக்கே பைபாஸ் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. ரூட் மாற்றி வந்த டிரைவரிடம் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "தூங்குங்க பெரியப்பா" என்றேன்.

பைபாஸ் போட்டிருந்தால் நல்லா இருந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவர் இருந்த நிலைமைக்கு ஆபரேஷன் மேசையிலேயே ஏதாவது ஆகியிருக்கலாம். தையல் ஆறாமல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியிலேயே கழிந்திருக்கலாம். ஒருவேளை அவரிடம் கேட்டிருந்தால் அவரே ஸ்டென்ட் என்றுதான் சொல்லியிருப்பார். எங்க முடிவு தப்பா சரியா என்பது இல்லை என் உறுத்தல். அது எங்க முடிவாக இருந்ததுதான்.

மரக்குழாயில் தொடங்கி நிட்டினால் வரை இவ்வளவு பேர் உழைத்தது, குணமாகாத ஒருவர் சாப்பிட வேண்டும் என்பதற்காக. அந்த ஒருவரை அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு நாலு பேர் பேசினோம். பாசத்தில்தான் செய்தோம். அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தோம். உண்மையில் பயந்தது நாங்க.

உங்க வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால், இரண்டு விஷயம் செய்யுங்க. டாக்டரிடம், "இது எவ்வளவு நாளைக்குத் தாங்கும், மறுபடி அடைச்சா அடுத்து என்ன, இங்க வேற என்ன வழி இருக்கு" என்று கேளுங்க. அப்புறம் கதவைத் திறந்து, யாருடைய வயிறோ அவரை உள்ளே கூப்பிடுங்க. எவ்வளவு தெரிஞ்சுக்கணும் என்று அவரே சொல்லட்டும். வேண்டாம் என்றாலும் சரி, அதையும் அவர் வாயால் சொல்லட்டும்.

அடுத்த வாரம் வழக்கம்போல ஒரு கோட்டையோடு வருகிறேன். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, முதல் வாய் எந்தத் தடையும் இல்லாமல் இறங்குவதைக் கொஞ்சம் கவனிங்க. அவ்வளவுதான். வரட்டா?